பீப் ஒலிக்கும் திரைக்கும் நடுவே

சில ஆண்டுகளுக்கு முன்பு நண்பர் ஒருவருடன் பெரிய சரக்குக் கிடங்கு ஒன்றுக்குச் சென்றிருந்தோம். நண்பருக்கு அங்கே நெட்வொர்க் பராமரிப்பு வேலை. எங்களுக்கு வேடிக்கை பார்க்கும் வேலை. கூரைவரை எழும்பி நின்ற இரும்பு அடுக்குகளுக்கு நடுவே ஓர் இளம்பெண், கைத்துப்பாக்கி போன்ற ஸ்கேனரை அட்டைப்பெட்டி ஒன்றின் மீது நீட்டினார். சிவப்பு ஒளிக்கோடு பார்கோடின் மேல் விழுந்தது. பீப் என்றது. பிறகு அவர் அப்படியே நின்றார். ஐந்தாறு விநாடிகள் கழித்துத்தான், அடுத்த பெட்டி எந்த அடுக்கில் இருக்கிறது என்ற வரி ஸ்கேனரின் சிறு திரையில் தோன்றியது. அந்தப் பக்கமாக வந்த மேற்பார்வையாளர், "ஏம்மா, ஒரு பெட்டிக்கு இவ்வளவு நேரமா?" என்றார். "பீப் அடிச்சிடுச்சு சார், ஸ்க்ரீன்தான் வரல" என்றார் அந்தப் பெண்.

அன்று எத்தனை பெட்டிகளை ஸ்கேன் செய்தார் என்ற எண்ணிக்கை மாலையில் அவர் பெயருக்கு எதிரே எழுதப்படும் என்று நண்பர் சொன்னார். ஸ்கேனர் அவரை எத்தனை நேரம் காக்க வைத்தது என்பதற்கு அந்தத் தாளில் கட்டம் இல்லை.

பீப் ஒலி கருவிக்குள்ளேயே பிறப்பது. கோடுகளைப் படித்துவிட்டேன் என்று அது தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் ஒலி. திரையில் வரும் வரியோ வெகுதொலைவிலிருந்து வருகிறது. படித்த எண் வானொலி அலையாகி, கூரையில் தொங்கும் ஆக்சஸ் பாயிண்டைச் சேர்ந்து, கம்பி வழியே ரவுட்டருக்குப் போய், அங்கிருந்து வேறொரு நகரத்தில் உள்ள தலைமைக் கணினியைத் தொட்டு, வந்த வழியே திரும்ப வேண்டும். பீப்புக்கும் திரைக்கும் நடுவில் உள்ள அந்த இடைவெளியைத்தான் நெட்வொர்க் தாமதம் என்கிறார்கள். அதற்கு நூற்றறுபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அது பெரும்பாலும் தவறான இடத்தில் தேடியவர்களின் வரலாறு.

பார்கோடே தந்தியின் வழித்தோன்றல்தான். 1949இன் தொடக்கத்தில் நார்மன் ஜோசப் உட்லாண்ட் என்ற இளம் பொறியாளர் மயாமி கடற்கரை மணலில் உட்கார்ந்து, கடையில் பொருளின் விவரத்தைத் தானாகப் படிப்பது எப்படி என்று யோசித்துக்கொண்டிருந்தார். சாரணர் இயக்கத்தில் சிறுவனாக இருந்தபோது கற்ற மோர்ஸ் குறியீடு மட்டுமே அவருக்குத் தெரிந்த சங்கேதம். மணலில் புள்ளிகளையும் கோடுகளையும் குத்தினார். பிறகு விரல்களை மணலில் பதித்துத் தம்மை நோக்கி இழுத்தார். புள்ளி மெல்லிய கோடாயிற்று, கோடு தடித்த கோடாயிற்று. அவரும் பெர்னார்ட் சில்வரும் 1952இல் காப்புரிமை பெற்றனர். ஆனால் அதைப் படிக்க லேசரும் மலிவான கணினியும் பிறக்க வேண்டியிருந்தது. 1974 ஜூன் 26 அன்று ஒஹாயோ மாநிலத்தின் டிராய் என்ற ஊரில், மார்ஷ் பல்பொருள் அங்காடியில், ஒரு சூயிங்கம் கட்டு முதன்முதலாக ஸ்கேன் செய்யப்பட்டது. மோர்ஸின் கோடுகள் கம்பியை விட்டிறங்கிச் சூயிங்கம் உறையில் வந்து ஒட்டிக்கொள்ள ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. வரும்போது தந்தியின் நோயையும் கொண்டு வந்தன.

அந்த நோயை உலகம் முதலில் பெரிய அளவில் கண்டது 1858இல். அயர்லாந்துக்கும் நியூஃபவுண்ட்லாந்துக்கும் இடையே, அட்லாண்டிக் கடலின் அடியில், சுமார் 3,200 கிலோமீட்டர் கேபிள் கிடத்தப்பட்டது. ஆகஸ்ட் 16 அன்று விக்டோரியா அரசி அமெரிக்கக் குடியரசுத் தலைவர் புக்கானனுக்கு 98 சொற்களில் வாழ்த்து அனுப்பினார். அது போய்ச் சேர ஏறத்தாழ பதினாறு மணி நேரம் பிடித்தது. ஒரு சொல்லுக்குப் பத்து நிமிடம். வாணவேடிக்கைகளோடு கொண்டாடிக்கொண்டிருந்த மக்களுக்கு இந்தக் கணக்கு உடனே தெரியவில்லை.

கேபிளின் மின்பொறுப்பாளர் வைல்ட்மன் வைட்ஹவுஸ், அறுவை மருத்துவராகப் பயின்றவர். கிளாஸ்கோ பேராசிரியர் வில்லியம் தாம்சன், பிற்காலத்தில் கெல்வின் பிரபு, சில ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தார். உறையிட்ட கம்பி கடல்நீரில் கிடக்கும்போது அது வெறும் கம்பியல்ல. மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் நீண்ட ஜாடி. கூர்மையாக அனுப்பிய துடிப்பு மறுமுனையில் மழைநீர்க் கறை போலப் பரவி வரும். முந்தைய துடிப்பின் வால் வடிவதற்குள் அடுத்ததை அனுப்பினால் இரண்டும் கலந்துவிடும். நீளம் இரு மடங்கானால் தாமதம் நான்கு மடங்காகும். தடித்த செம்பும் தடித்த உறையும் வேண்டும் என்பது தாம்சனின் முடிவு. வைட்ஹவுஸ் தம் சோதனைகளைக் காட்டி இதை மறுத்தார்.

செய்தி மெதுவாகப் போகிறது என்றதும் வைட்ஹவுஸ் செய்தது, குரலை உயர்த்தியது. ஐந்தடி நீளத் தூண்டு சுருள்களைக் கொண்டு சுமார் 2,000 வோல்ட் அழுத்தத்தைக் கேபிளில் செலுத்தினார். தாம்சனின் வழி வேறு. காந்தத் துண்டு ஒட்டிய சிறு கண்ணாடியை இழையில் தொங்கவிட்டு, அதில் பட்டுத் தெறிக்கும் ஒளிப்பொட்டு அளவுகோலில் இடமும் வலமும் நகர்வதைப் பார்க்கும் கருவியை அவர் செய்திருந்தார். மிக மெல்லிய மின்னோட்டத்தையும் அது காட்டிக்கொடுத்தது. ஒருவர் உரக்கக் கத்தினார், மற்றவர் காதைக் கூர்மையாக்கினார் என்று சொல்லலாம். கேபிள் சில வாரங்களில் செத்துப்போனது. அதன் தயாரிப்பிலேயே பல குறைகள் இருந்தன என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். உயர் அழுத்தம் முடிவை விரைவுபடுத்தியது. வைட்ஹவுஸ் பதவி இழந்தார். 1866இல் கிரேட் ஈஸ்டர்ன் கப்பல் கிடத்திய தடித்த கேபிளில் நிமிடத்துக்கு எட்டுச் சொற்கள் ஓடின.

வைட்ஹவுஸை எள்ளி நகையாடுவது எளிது. நாம் அதைச் செய்யத் தயங்குகிறோம், ஏனென்றால் அவர் இன்னும் ஒவ்வொரு கிடங்கிலும் வேலை செய்துகொண்டிருக்கிறார். அதற்குப் பிறகு வருவோம்.

கம்பியில்லாமல் கணினிகள் பேசிக்கொண்ட கதை ஹவாய்த் தீவுகளில் தொடங்குகிறது. அலைச்சறுக்கு விளையாட்டின் மோகத்தாலும் ஹவாய்க்குப் போன நார்மன் ஆப்ராம்சன், அங்குள்ள பல்கலைக்கழகத்தில் தீவுகளில் சிதறிக்கிடந்த கல்லூரிகளை ஓவாஹு தீவின் மையக் கணினியோடு வானொலியால் இணைக்க முயன்றார். 1971இல் அலோகாநெட் இயங்கத் தொடங்கியது. எல்லா முனையங்களும் ஒரே அலைவரிசையில் பேச வேண்டும். யார் முதலில் பேசுவது என்று சொல்ல ஆளில்லை. ஆப்ராம்சன் கண்ட வழி துணிச்சலானது: பேச நினைத்தால் பேசிவிடு; பதில் வராவிட்டால் யாருடனோ மோதிவிட்டாய் என்று பொருள்; சற்று நேரம், அதுவும் குலுக்கல் முறையில் அமைந்த சற்று நேரம், பொறுத்து மறுபடி பேசு. கணக்குப் போட்டுப் பார்த்தபோது இப்படிப்பட்ட அலைவரிசையில் அதிகபட்சம் 18 விழுக்காடுதான் பயன்படும் என்று தெரிந்தது. அதை நெருங்கினால் மோதல்கள் மோதல்களைப் பெற்றெடுக்கும். செய்தி போகாது, காத்திருப்பு மட்டும் வளரும். சாலையின் நீளம் அதேதான், வண்டிகள் கூடிவிட்டன.

ஆப்ராம்சனின் கட்டுரையைப் படித்த ராபர்ட் மெட்காஃப் 1973இல் ஈதர்நெட்டை வகுத்தபோது, பேசுமுன் கேள் என்ற விதியைச் சேர்த்தார். கம்பியில் அது நன்றாக வேலை செய்தது. வானொலியில் ஒரு சிக்கல்: தொபாகியும் கிளைன்ராக்கும் 1975இல் எழுதிக் காட்டியபடி, இரண்டு முனையங்கள் மையத்துக்குக் கேட்கும், ஆனால் ஒன்றுக்கொன்று கேட்காது. இருவரும் 'அமைதியாக இருக்கிறதே' என்று நினைத்து ஒரே நேரத்தில் பேசுவார்கள். ஹவாயில் நடுவே மலையிருந்தது. கிடங்கில் இரும்பு அடுக்கு இருக்கிறது; தண்ணீர்ப் பாட்டில் பெட்டிகள் அடுக்கப்பட்டிருந்தால் கேட்கவே வேண்டாம், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நீர் விழுங்கிவிடும். சரக்கு வந்து இறங்கும் நாளில் ஒரு வரைபடம், தீர்ந்துபோகும் நாளில் இன்னொரு வரைபடம்.

மடிக்கணினிக்காகவும் கைப்பேசிக்காகவும் பிறந்தது வைஃபை என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதன் தொட்டில் கல்லாப்பெட்டிக்கு அருகில்தான் இருந்தது. அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 1985இல் உரிமமின்றிப் பயன்படுத்தச் சில அலைவரிசைகளைத் திறந்துவிட்டது. கடையின் இருக்கைகளை மாற்றும்போதெல்லாம் கல்லாப்பெட்டிகளின் கம்பியையும் மாற்ற வேண்டியிருந்த தொல்லையிலிருந்து விடுபட, என்.சி.ஆர். நிறுவனத்தின் நெதர்லாந்துப் பிரிவு வேவ்லான் என்ற கம்பியில்லா இணைப்பை உருவாக்கியது. அங்கிருந்த விக் ஹேய்ஸ், 1990இல் தொடங்கிய ஐ.இ.இ.இ. 802.11 குழுவுக்குத் தலைமை ஏற்றார். தரநிலை 1997இல் வெளிவந்தது. மறுபுறம், கையடக்க ஸ்கேனர்களைச் செய்துவந்த டெல்க்சான், சிம்பல் ஆகிய நிறுவனங்கள் தத்தம் வானொலிகளை உருவாக்கின. டெல்க்சானிலிருந்து பிறந்த ஏரோநெட்டைத்தான் சிஸ்கோ வாங்குவதாக 1999இல் அறிவித்தது. காப்பிக் கடையில் உட்கார்ந்து இணையத்தில் உலவுகிறவர்கள், பெட்டி எண்ணுகிறவர்களின் கருவியைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

கிளைக் கிடங்குகள் தொலைவில், கணினி தலைமையகத்தில் என்ற அமைப்பு வந்ததும் தாமதம் புதிய வேடங்கள் பூண்டது. அவற்றுள் நமக்குப் பிடித்தமான ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பழைய ஸ்கேனர்கள் பலவும் டெல்நெட் என்ற முறையில், தலைமைக் கணினியின் திரையைத் தொலைவிலிருந்து பார்க்கும் முனையங்களாகவே இயங்கின. 1984இல் ஜான் நேகிள் என்ற பொறியாளர், ஓர் எழுத்தை அனுப்ப நாற்பது பைட் முகவரிச் சுமை சேருகிறதே என்று கவலைப்பட்டு ஒரு விதி செய்தார்: முன்பு அனுப்பிய பொட்டலம் கிடைத்ததாக ஒப்புதல் வரும்வரை அடுத்த சிறு பொட்டலத்தை அனுப்பாமல் சேர்த்து வை. ஏறத்தாழ அதே காலத்தில் வேறு சிலர் மறுமுனைக்கு ஒரு விதி செய்தனர்: ஒப்புதலை உடனே தனியாக அனுப்பாதே, எப்படியும் பதில் ஒன்று போகும், அதோடு சேர்த்து அனுப்பலாம், சிறிது பொறு. அந்தச் 'சிறிது' பல கணினிகளில் விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு.

இரண்டும் நல்ல விதிகள். ஸ்கேனரில் அவை சந்தித்தன. பார்கோடு எண் முதல் பொட்டலமாகப் போகும். எண்டர் விசை இரண்டாவது. முதலாவதற்கு ஒப்புதல் வராமல் இரண்டாவது கிளம்பாது. எண்டர் வராமல் தலைமைக் கணினிக்குப் பதில் சொல்ல எதுவும் இல்லை. பதில் இல்லாததால் ஒப்புதலும் கிளம்பாது. பந்தி வாசலில் 'நீங்க முதல்ல உட்காருங்க' என்று மாறிமாறி உபசரித்துக்கொண்டு இலை காய்வதைப் பார்க்கும் இரு சம்பந்திகளைப் போல இரண்டு கணினிகளும் நிற்கும். கடைசியில் ஒன்றின் பொறுமைக் கடிகாரம் தீர்ந்து ஒப்புதல் போகும். ஒவ்வொரு பெட்டிக்கும் இது நடக்கும். கம்பியில் பழுதில்லை, அலையில் பழுதில்லை, தொலைவும் காரணமில்லை. நேகிளே பிற்காலத்தில் இந்தச் சேர்க்கையைக் குறை கூறி எழுதியிருக்கிறார்.

தொலைவு உண்மையிலேயே காரணமாகும் இடமும் உண்டு. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் ஓடுகிறது. சென்னையிலிருந்து தில்லிக்கு ரயில் பாதையின் ஓரமாகவே இழை போனாலும், போய்வர விநாடியில் ஐம்பதில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் ஆகும். மனிதக் கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் கம்பி எட்டாத சுரங்கத்திலோ தோட்டத்திலோ உள்ள கிளைக்கு, 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள்தான் துணை என்றால், கேள்வி ஏறி இறங்கி, பதில் ஏறி இறங்க ஏறத்தாழ அரை விநாடி. இதை எந்த மேதையாலும் குறைக்க முடியாது. ஒரு பெட்டிக்கு ஐந்து முறை கேட்டுப் பதில் வாங்கும்படி மென்பொருள் எழுதப்பட்டிருந்தால் இரண்டரை விநாடி. ஐந்து கேள்விகளை ஒன்றாக்கலாம். அதைத்தான் செய்ய முடியும்.

தாமதம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் கருவி பிறந்த கதை சிறியது, ஆனால் சுவையானது. 1983 டிசம்பரில், அமெரிக்க ராணுவத்தின் எறிபடை ஆய்வகத்தில் மைக் மூஸ் என்பவர் நெட்வொர்க் விசித்திரமாக நடந்துகொள்வதைக் கண்டு, ஒரே இரவில் ஒரு சிறு நிரலை எழுதினார். மறுமுனைக்கு ஓர் ஓசையை அனுப்பி எதிரொலி வர எவ்வளவு நேரமாகிறது என்று அளப்பது. நீர்மூழ்கிகளின் சோனார் ஒலியை நினைத்து அதற்குப் பிங் என்று பெயரிட்டார். விடியுமுன் எல்லாம் தயார். முதல் பிங்கை அனுப்புவதற்குள் சக ஊழியர் ஒருவர் பழுதான கருவியைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டார்! மூஸ் தம் குறிப்பில் இன்னொரு கதையையும் பதிந்திருக்கிறார். பிங்கின் ஒவ்வொரு எதிரொலிக்கும் கணினியை உரக்கப் 'பிங்' என்று சொல்ல வைத்து, ஒலியைக் கூட்டிவிட்டு, கட்டடம் முழுக்க நடந்து ஒவ்வொரு இணைப்பியாக அசைத்துப் பார்த்தார் ஒருவர். குரல் நின்ற இடத்தில் பழுது இருந்தது.

ஆனால் ஸ்கேனரைப் பிங் செய்கிறவர்கள் எளிதில் ஏமாறுவார்கள். மின்கலத்தைச் சேமிக்க அந்தக் கருவி கண்ணயர்ந்து, விநாடிக்கு ஏறத்தாழ பத்து முறை ஆக்சஸ் பாயிண்ட் அனுப்பும் அறிவிப்பைக் கேட்க விழிக்கிறது. தூங்கும்போது கதவைத் தட்டினால் பதில் தாமதமாகத்தான் வரும். அது நோயல்ல, உறக்கம்.

1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே, 400 கெஜ தூரத்தில், விநாடிக்கு 32,000 பிட் ஓடிய இணைப்பு 40 பிட்டாகச் சுருங்கியது. வான் ஜேகப்சன் ஆராய்ந்து பார்த்ததில், கணினிகள் பொறுமையிழந்து, தொலையாத பொட்டலங்களையும் தொலைந்ததாக எண்ணி மீண்டும் மீண்டும் அனுப்பிக்கொண்டிருந்தன. திரை வரவில்லையே என்று ஸ்கேனரின் விசையை நான்கு முறை அழுத்துகிறவர் செய்வதும் அதுவே. நெரிசலைக் கண்டால் தானே அடங்கிப்போகும் குணத்தை ஜேகப்சன் கணினிகளுக்குக் கற்றுத்தந்தார். பொட்டலம் தொலைவதே நெரிசலின் அறிகுறி என்பது அதன் அடிப்படை. பிறகு நினைவகம் மலிந்தது. ரவுட்டர் செய்கிறவர்கள், ஒரு பொட்டலமும் தொலையக் கூடாது என்ற நல்லெண்ணத்தில், உள்ளே பெரிய பெரிய காத்திருப்பு அறைகளைக் கட்டினார்கள். 2010இல் ஜிம் கெட்டிஸ் தம் வீட்டு இணைப்பில் விநாடிக்கணக்கில் தாமதம் ஏற்படுவதை ஆராய்ந்து, அந்த அறைகளையே குற்றவாளியாகக் காட்டினார். கணக்கு எளிது: விநாடிக்கு 512 கிலோபிட் செல்லும் கிளை இணைப்பில் 256 கிலோபைட் அறை நிரம்பியிருந்தால், கடைசியில் வந்து நிற்கும் பொட்டலம் நான்கு விநாடி காத்திருக்க வேண்டும். ஸ்கேனரின் செய்தி ஐம்பது அறுபது பைட்தான். ரேஷன் கடையில் ஒரே ஒரு தீப்பெட்டி வாங்க வந்தவர், மூட்டை அரிசிக்காரர்களின் பின்னே நிற்கும் நிலை அது.

நாங்கள் சென்ற கிடங்கில் இரண்டு நோய்கள் சேர்ந்திருந்தன. முதலாவது இதுவே. நண்பர் ஒரு நாள் முழுக்கப் பிங் எண்களைப் பதிந்தார். சராசரியைப் பார்த்தால் குறையே இல்லை. மணிவாரியாகப் பிரித்தபோது, முற்பகலிலும் மாலையிலும் குறிப்பிட்ட நேரங்களில் எண்கள் மலைபோல் எழுந்தன. கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் தலைமையகத்துக்கு ஏற்றப்படும் நேரங்கள் அவை. ஸ்கேனர் செய்திகளுக்குத் தனி வரிசை தந்ததும் அது தீர்ந்தது.

இரண்டாவதில்தான் வைட்ஹவுஸைச் சந்தித்தோம். முன்பு வந்த யாரோ, அலை போதவில்லை என்ற புகாருக்கு, எல்லா ஆக்சஸ் பாயிண்டுகளின் ஆற்றலையும் உச்சத்துக்கு ஏற்றிவிட்டுப் போயிருந்தார். அவற்றின் குரல் கிடங்கின் கடைக்கோடிவரை கேட்டது. சிறு மின்கலம் கொண்ட ஸ்கேனரின் பதில் குரல் திரும்பி எட்டவில்லை. உரத்த குரலை நம்பி, ஸ்கேனர் பக்கத்தில் இருந்த ஆக்சஸ் பாயிண்டை விட்டுவிட்டுத் தொலைவில் உள்ளதையே பற்றிக்கொண்டிருந்தது. தொலைவிலிருந்து பேசும் ஸ்கேனர் மெல்லத்தான் பேசும். அது பேசி முடிக்கும்வரை மற்றவையும் பேச முடியாது. ஒரே ஒரு மந்தமான கருவி மற்ற எல்லாவற்றையும் தன் வேகத்துக்கு இழுத்துவிடும் என்பதை கிரனோபிள் ஆய்வாளர்கள் 2003இல் எழுதிக் காட்டியிருக்கிறார்கள். நண்பர் ஆற்றலைக் குறைத்தார். பொறுப்பாளர் பதறினார். குறைத்தால் எப்படிச் சரியாகும் என்ற அவருடைய கேள்விக்குப் பதில் சொல்ல நண்பருக்கு ஒரு பிற்பகல் முழுவதும் ஆயிற்று.

எந்தெந்த இடத்தில் குறைப்பது, எங்கே புதிதாக ஒன்றைத் தொங்கவிடுவது என்று அறிய நண்பர் அளவீட்டுக் கருவியோடு நடக்கத் தொடங்கியபோது, அந்தப் பெண் எங்கள் அருகே வந்தார். "இங்க நின்னா வராது சார். அந்த மூணாவது சந்து முனைக்கு ரெண்டடி தள்ளிப் போயிட்டா உடனே வந்துடும்" என்றார். எத்தனை நாளாக இது தெரியும் என்று கேட்டோம். "வந்த புதுசுலேர்ந்தே" என்றார். பெட்டியை ஸ்கேன் செய்துவிட்டு அவர் அசையாமல் நிற்பதைப் பார்த்தோம் அல்லவா. மற்ற நேரங்களில் பீப் கேட்டதும் சந்து முனைக்கு நடந்துபோய்த் திரையைப் பார்த்துவிட்டுத் திரும்புவாராம். மேற்பார்வையாளர் பக்கத்தில் இருந்தால் இடத்தைவிட்டு நகர்வதில்லை.

நண்பர் ஒரு சாக்குக்கட்டியைக் கொடுத்தார். அந்தப் பெண்ணும் அவருடன் வேலை செய்யும் இருவரும் கிடங்கின் தரையெங்கும் நடந்து, திரை தாமதமாகும் இடங்களில் பெருக்கல் குறியும், உடனே வரும் இடங்களில் வட்டமும் போட்டார்கள். கருவியால் நண்பர் எடுத்த வரைபடம் இரண்டு நாள் கழித்து முடிந்தது. ஒப்பிட்டுப் பார்த்ததில் நான்கைந்து இடங்களில் மட்டும் வேறுபாடு இருந்தது. அவற்றில் இரண்டில் கருவி சொன்னதுதான் தவறு, அன்று அந்த அடுக்கு காலியாக இருந்திருக்கிறது.

குறிகளை மறுநாள் காலையே தரை துடைக்கிறவர்கள் துடைத்துவிட்டார்கள். அதற்குள் நண்பர் அவற்றைத் தம் குறிப்பேட்டில் வரைந்துகொண்டிருந்தார். அந்தப் பக்கத்தின் படியை எங்களுக்கும் ஒன்று தந்தார். மாலைக் கணக்குத் தாளில் புதிதாக ஒரு கட்டம் சேர்க்கும்படி எழுதிக் கொடுத்ததாகவும் சொன்னார். சேர்த்தார்களா என்று இன்றுவரை அவருக்குப் பதில் வரவில்லை.